தரவோடைக் கணினிக் கொத்துகளில் உயர் கிடைப்புநிலைப் பழுதும் மீட்பும்

உயர் கிடைப்புநிலைப் பழுது என்பது, ஒரு கணினி நின்றுபோனாலும் பணி நிற்காமல் தொடர்வதற்காக எழுதிவைக்கப்படும் மீட்புக் குறிப்புகள் தாமே சிதைந்தோ தொலைந்தோ போவதால் உண்டாகும் கோளாறு ஆகும். இடைவிடாது வந்துகொண்டிருக்கும் தரவை உடனுக்குடன் கணக்கிடும் கணினிக் கொத்துகளில் (கிளஸ்டர்) இது குறிப்பிடத்தக்க சிக்கல். இக்கட்டுரை அப்பாச்சி ஃபிளிங்க் என்னும் மென்பொருளைக் குபர்நெட்டிஸ் தளத்தில் கொள்கலன்களாக இயக்கும்போது இப்பழுது எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு கண்டறிவது, எந்த வரிசையில் சரிசெய்வது என்பவற்றை விளக்குகிறது. தொழில்நுட்பப் பயிற்சி இல்லாதவரும் அடிப்படையைப் புரிந்துகொள்ளும் வகையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

பின்னணி

தரவைக் கணக்கிடுவதில் இரு முறைகள் உண்டு. நாள் முழுவதும் சேர்ந்த தரவை இரவில் மொத்தமாகக் கணக்கிடுவது தொகுதி முறை. தரவு வரவர அப்போதைக்கப்போது கணக்கிடுவது தரவோடை முறை. பணப் பரிமாற்றத்தில் மோசடியை அந்த நொடியிலேயே கண்டறிவது, வண்டிகள் இருக்குமிடத்தைத் தொடர்ந்து காட்டுவது போன்றவற்றுக்கு இரண்டாம் முறை தேவை.

ஃபிளிங்க் இப்பணிக்கான திறமூல மென்பொருள்களுள் ஒன்று. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஜெர்மானியக் கல்வி நிறுவனங்கள் நடத்திய ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் ஆய்வுத் திட்டத்திலிருந்து பிறந்தது. 2014 டிசம்பரில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டங்களுள் ஒன்றானது. ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்குச் சுறுசுறுப்பானது என்று பொருள். அதன் சின்னம் அணில்.

தரவோடை முறையில் கணினி எப்போதும் சிலவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த நினைவே நிலைத்தரவு எனப்படுகிறது. இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. நீளமுடையது. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் என எட்டு லிங்கங்கள் அப்பாதையில் உள்ளன. மக்கள் மலையை வலமாக, ஒரே திசையில் சுற்றுகின்றனர். ஒவ்வொரு லிங்கத்தின் அருகிலும் கடந்து செல்வோரை எண்ணும் கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். குபேர லிங்கத்துக்கும் ஈசானிய லிங்கத்துக்கும் இடையில் இப்போது எத்தனை பேர் உள்ளனர் என்று காவல் துறை கேட்கிறது. குபேர லிங்கத்தைக் கடந்தவர் எண்ணிக்கையிலிருந்து ஈசானிய லிங்கத்தைக் கடந்தவர் எண்ணிக்கையைக் கழித்தால் விடை கிடைக்கும். அதற்கு இரண்டு எண்ணிக்கைகளும் மாலை முதல் விடாமல் நினைவில் இருக்க வேண்டும்.

நள்ளிரவில் கணினி நின்று, நினைவை இழந்து மீண்டும் தொடங்கினால் என்ன ஆகும்? இரு எண்ணிக்கைகளும் பூச்சியத்தில் தொடங்கும். இடைப்பட்ட பாதையில் உண்மையில் 9,000 பேர் இருந்தாலும் திரையில் 0 என்று தெரியும். முன்பே உள்ளே இருந்தவர்கள் ஈசானிய லிங்கத்தைக் கடக்கக் கடக்க, எதிர்ம எண்கூட வரலாம். கணினி ஓடிக்கொண்டிருக்கும், பச்சை விளக்கு எரியும், ஆனால் விடை தவறு. நின்றுபோன கணினியைவிடத் தவறான எண்ணை நம்பிக்கையோடு காட்டும் கணினி ஆபத்தானது. உயர் கிடைப்புநிலைப் பழுதைச் சரிசெய்யும்போது மறக்கக்கூடாத உண்மை இதுவே.

நிலைத்தரவைப் படியெடுத்தல்

நிலைத்தரவு பல கணினிகளில் சிதறிக் கிடப்பதால், ஓட்டத்தை நிறுத்தாமல் அதை ஒரு சேரப் படியெடுப்பது எளிதன்று. இதற்கான வழியை மணி சாண்டி, லெஸ்லி லாம்போர்ட் ஆகிய இருவரும் 1985 பிப்ரவரியில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் தந்தனர். மணி சாண்டி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் பெற்றவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியபோது லாம்போர்ட் அங்கு வந்திருந்தார். இரவு உணவின்போது சாண்டி இப்புதிரை முன்வைத்ததாகவும், மறுநாள் காலை இருவரும் தனித்தனியே ஒரே தீர்வோடு சந்தித்ததாகவும் லாம்போர்ட் பதிவு செய்துள்ளார். வானம் நிறையப் பறக்கும் பறவைக் கூட்டத்தை ஒரே ஒளிப்படத்தில் அடக்க முடியாத நிலையில், பல படங்களைச் சேர்த்து முழுக் காட்சியை அமைப்பதை அவர்கள் உவமையாகக் கூறினர்.

கிரிவலப் பாதையிலும் இதைச் செய்யலாம். இந்திர லிங்கத்திலிருந்து ஒருவர் கொடி ஏந்தி நடக்கிறார். அவரை யாரும் முந்துவதில்லை, அவரும் யாரையும் முந்துவதில்லை என்று கொள்வோம். அவர் கடக்கும் நொடியில் ஒவ்வொரு கருவியும் தன் எண்ணிக்கையை எழுதிவைக்கிறது. கொடிக்கு முன்னால் நடந்தவர்கள் அனைவரும் எல்லாக் கருவிகளின் குறிப்பிலும் அடங்குவர். பின்னால் வருபவர்கள் எதிலும் அடங்கார். கருவிகள் வெவ்வேறு நேரங்களில் எழுதினாலும் குறிப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

ஃபிளிங்க் இந்தக் கருத்தைத் தழுவியே செயல்படுகிறது. கொடிக்குப் பதிலாக எல்லைக்குறி ஒன்றைத் தரவோடையில் செலுத்துகிறது. எல்லாப் பகுதிகளும் தம் நிலைத்தரவை எழுதி முடித்தவுடன் கிடைக்கும் முழுப் படிக்குச் செக்பாயின்ட் என்று பெயர். தரவு காஃப்காவிலிருந்து வருமானால், எதுவரை படிக்கப்பட்டது என்ற குறியும் அந்தப் படியிலேயே சேரும். பழுது நேர்ந்தால் கடைசிச் செக்பாயின்ட்டுக்குத் திரும்பி, அந்தக் குறியிலிருந்து மீண்டும் படித்தால் கணக்கு பிசகுவதில்லை. இயக்குநர் தாமே கட்டளையிட்டு எடுக்கும் படி சேவ்பாயின்ட் எனப்படுகிறது.

கொள்கலன் சூழலில் அமைப்பு

ஃபிளிங்க் கொத்தில் இருவகை உறுப்புகள் உள்ளன. டாஸ்க்மேனேஜர்கள் கணக்கிடுபவை. ஜாப்மேனேஜர் அவற்றை மேற்பார்வையிடுவது. ஜாப்மேனேஜர் நின்றுவிட்டால் புதியது ஒன்று பொறுப்பேற்க வேண்டும். அவ்வாறு பொறுப்பேற்பது மூன்று கேள்விகளுக்கு விடை அறிய வேண்டும்: இப்போது தலைமை யாருக்கு? எந்தப் பணி ஓடிக்கொண்டிருந்தது? கடைசிச் செக்பாயின்ட் எங்கே உள்ளது?

முன்பு இவ்விடைகளைக் காக்க ஜூகீப்பர் என்னும் தனி மென்பொருள் தேவைப்பட்டது. 2020 டிசம்பரில் வெளியான 1.12-ஆம் பதிப்பிலிருந்து குபர்நெட்டிஸ் தளத்தின் கான்ஃபிக்மேப் என்னும் சிறு பதிவேடுகளிலேயே அவற்றை வைக்க முடிகிறது. இந்தப் பதிவேடுகள் குபர்நெட்டிஸின் உள்தரவுத்தளமான எட்சிடியில் சேமிக்கப்படுகின்றன. எட்சிடி பெரும்பான்மை முறையில் இயங்குவது. மூன்று உறுப்புகளில் ஒன்று வீழ்ந்தாலும், ஐந்தில் இரண்டு வீழ்ந்தாலும் அது தொடர்ந்து இயங்கும்.

தலைமையைப் பெற்ற ஜாப்மேனேஜர் அதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இயல்பு அமைப்பில் குத்தகைக் காலம் 15 நொடிகள். புதுப்பிக்கத் தவறினால் தலைமை பறிபோகும்.

ஒரு கான்ஃபிக்மேப்பின் கொள்ளளவு 1 மெபிபைட் மட்டுமே. நிலைத்தரவு அதில் அடங்காது. எனவே செக்பாயின்ட்டின் தரவும் பணியின் வரைபடமும் வெளியே ஒரு நிலையான சேமிப்பகத்தில், அதாவது எஸ்3 போன்ற பொருள் சேமிப்பகத்திலோ எச்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமையிலோ வைக்கப்படுகின்றன. கான்ஃபிக்மேப்பில் இருப்பது அவ்விடத்தைக் காட்டும் சுட்டி மட்டுமே.

பழுதின் நான்கு நிலைகள்

கோயில் வாசலில் செருப்பை விட்டுச் செல்வோருக்கு எண் பொறித்த டோக்கன் தரப்படுவது வழக்கம். செருப்பு அலமாரியில் இருக்கிறது, கையில் இருப்பது டோக்கன். கான்ஃபிக்மேப்பில் உள்ள சுட்டி டோக்கனைப் போன்றது. சேமிப்பகத்தில் உள்ள செக்பாயின்ட் செருப்பைப் போன்றது. இவ்விரண்டும் பொருந்துகின்றனவா என்பதைக் கொண்டு எந்தப் பழுதையும் நான்கு நிலைகளுள் ஒன்றில் அடக்கலாம்.

1. சுட்டியும் உண்டு, தரவும் உண்டு. ஆனால் எடுக்க முடியவில்லை. சேமிப்பகத்தின் அனுமதிச் சான்று காலாவதியாகியிருக்கலாம். வலைத்தொடர்பு அறுந்திருக்கலாம். மென்பொருள் பதிப்பு மாறியதால் பழைய பைட்டுகளைப் புதிய நிரலால் படிக்க முடியாதிருக்கலாம்.
2. சுட்டி உண்டு, தரவு இல்லை. டோக்கன் காட்டும் அலமாரி காலியாக உள்ளது.
3. தரவு உண்டு, சுட்டி இல்லை. செருப்பு அலமாரியில் இருக்கிறது, டோக்கன் தொலைந்துவிட்டது.
4. இரண்டும் இல்லை.

முதல் நிலையில் எதையும் அழிக்கத் தேவையில்லை. மூன்றாம் நிலையில் பெரும்பாலும் முழு மீட்பு இயலும். இரண்டாம் நிலையில் பழைய படி வேறு ஏதேனும் உள்ளதா என்பதைப் பொறுத்தது. நான்காம் நிலையில் மட்டுமே கணக்கைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் கட்ட வேண்டும்.

பொதுவான காரணங்கள்

மீட்புக் குறிப்புகளுக்கான கோப்புறையைப் பாட்டின் உள்ளூர் வட்டிலேயே அமைத்துவிடுவது தொடக்கநிலைப் பிழை. குபர்நெட்டிஸில் கொள்கலன்களைத் தாங்கும் அலகுக்குப் பாட் என்று பெயர். பாட் நீக்கப்படும்போது அதன் தற்காலிக வட்டும் மறைந்துவிடும். சுட்டி மட்டும் எட்சிடியில் தங்கும்.

சேமிப்பகத்தில் குறிப்பிட்ட நாள்களுக்கு முந்தைய கோப்புகளைத் தானாக அழிக்கும் விதி இருப்பது மற்றொரு காரணம். செலவைக் குறைக்க இவ்விதி போடப்படுவதுண்டு. ஃபிளிங்க் ஒவ்வொரு முறையும் மாறிய பகுதியை மட்டும் எழுதும் கூட்டல்முறைச் செக்பாயின்ட்டைப் பயன்படுத்தினால், இன்றைய செக்பாயின்ட் பல நாள்களுக்கு முன் எழுதிய பகிர்வுக் கோப்பையும் சார்ந்திருக்கும். கோப்பின் வயதை மட்டும் பார்த்து அழித்தால் இன்றைய செக்பாயின்ட்டும் சேர்ந்து கெடும்.

இரண்டு கொத்துகளுக்கு ஒரே அடையாளப் பெயரைத் தருவதால் ஒன்றின் பதிவேட்டில் மற்றொன்று எழுதுவதும் நடக்கிறது. சோதனைச் சூழலின் அமைப்புக் கோப்பைப் படியெடுத்து, பெயரை மாற்ற மறந்துவிடும்போது இது நேர்கிறது.

பெயர்வெளி முழுவதையும் அழித்து மீண்டும் உருவாக்கினால் கான்ஃபிக்மேப்புகளும் அழியும். பணி தோல்வியடைந்தது அல்லது நீக்கப்பட்டது என்ற இறுதி நிலையை அடைந்தாலும் ஃபிளிங்க் தன் மீட்புக் குறிப்புகளைத் தானே துடைத்துவிடும். செக்பாயின்ட்டைத் தக்கவைக்கும் அமைப்பு இல்லாவிட்டால் தரவும் சேர்ந்து போய்விடும்.

கான்ஃபிக்மேப்புகளைப் படிக்க, உருவாக்க, மாற்ற, நீக்கப் பணிக்கணக்குக்கு உரிமை இல்லாதிருப்பதும், குபர்நெட்டிஸின் சேவையகம் தாமதமாக விடையளிப்பதால் தலைமை அடிக்கடி கைமாறுவதும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டும். ஆனால் இவற்றில் குறிப்புகள் கெடுவதில்லை.

பிழைச்செய்தியும் அதன் அறிவுரையும்

சுட்டி காட்டும் தரவைப் படிக்க முடியாதபோது, குறிப்பிட்ட எண்ணுடைய செக்பாயின்ட்டை மீட்க முடியவில்லை, அதன் சுட்டி உடைந்துள்ளது என்று ஜாப்மேனேஜரின் பதிவில் செய்தி வரும். சுட்டிகளின் தொகுப்பைத் துடைத்துப் பார்க்குமாறு அச்செய்தியே அறிவுரையும் கூறும். ஜாப்மேனேஜர் நிற்கும். குபர்நெட்டிஸ் அதை மீண்டும் தொடங்கும். அது மீண்டும் நிற்கும். ஒவ்வொரு முறையும் இடைவெளி 10 நொடி, 20 நொடி, 40 நொடி எனக் கூடி அதிகபட்சம் 5 நிமிடத்தை எட்டும்.

இந்நிலையில் அறிவுரையைப் பின்பற்றிக் கான்ஃபிக்மேப்பை அழித்தால் ஜாப்மேனேஜர் உடனே எழுந்து ஓடத் தொடங்கும். பழுது நீங்கியதாகவே தோன்றும். உண்மையில் அது டோக்கனைக் கிழித்தெறிந்துவிட்டு வெறுங்காலோடு நடப்பதற்கு ஒப்பாகும். நிலைத்தரவு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. எதுவரை படிக்கப்பட்டது என்ற குறியும் போய்விடுவதால், அமைப்பைப் பொறுத்துத் தரவு மிகப் பழையதிலிருந்து மீண்டும் படிக்கப்படலாம், அல்லது இடையில் வந்தவை விடுபட்டுப் போகலாம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய பதிப்புகளில் படிக்க முடியாத செக்பாயின்ட்டை ஃபிளிங்க் ஓசையின்றித் தாண்டிச் செல்வதில்லை. கணக்கின் துல்லியம் கெடும் என்பதால் தொடங்கவே மறுக்கிறது. எனவே திரும்பத் திரும்ப நிற்பது ஒருவகைப் பாதுகாப்பு. அந்த நேரத்தில் தரவு மேலும் கெடுவதில்லை. ஆராய்ந்து பார்க்கக் கால அவகாசம் உண்டு.

அந்த அவகாசத்துக்கும் எல்லைகள் உள்ளன. காஃப்காவின் இயல்பு அமைப்பில் தரவு 168 மணி நேரம், அதாவது 7 நாள்கள் மட்டுமே காக்கப்படும். அதற்குள் மீட்டால் விடுபட்டதை மீண்டும் படிக்க முடியும். விளைவைப் பரிவர்த்தனை முறையில் காஃப்காவுக்கே எழுதும் பணிகளுக்கு எல்லை இன்னும் குறுகலானது. காஃப்கா தரகர் ஒரு பரிவர்த்தனையை இயல்பாக 15 நிமிடங்களுக்கு மேல் திறந்து வைத்திருக்க அனுமதிப்பதில்லை. இந்த வரம்பைத் தேவைக்கேற்ப முன்பே உயர்த்தி வைக்காவிட்டால், முடிவுறாத பரிவர்த்தனை கைவிடப்பட்டு, எழுதிய விளைவின் ஒரு பகுதி இழக்கப்படலாம்.

கண்டறியும் வரிசை

முதலில் எதையும் மாற்றாமல் பார்க்க வேண்டும். பரிந்துரைக்கத்தக்க வரிசை பின்வருமாறு:

1. ஜாப்மேனேஜர் பிரதிகளின் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கி மறுதொடக்கச் சுழலை நிறுத்துக. மீட்புக் கான்ஃபிக்மேப்புகள் இதனால் அழிவதில்லை.
2. அக்கான்ஃபிக்மேப்புகள் அனைத்தையும் கோப்பாகப் படியெடுத்து, கொத்துக்கு வெளியே வைத்துக்கொள்க. இதன் பிறகு செய்யும் எந்தத் தவறும் திருத்தக்கூடியதாகிறது.
3. நின்ற கொள்கலனின் முந்தைய பதிவைப் படித்து, முதலில் தோன்றிய பிழை எது என்று காண்க. கடைசி வரியில் இருப்பது பெரும்பாலும் விளைவு மட்டுமே. 'காரணம்' என்று தொடங்கும் உள்வரிகளின் அடிமட்டத்தில் உண்மைக் காரணம் இருக்கும். அனுமதி மறுப்பு, கோப்பு இல்லை, வகுப்பு இல்லை என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு பழுதுகள்.
4. பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ள செக்பாயின்ட் எண்ணைக் குறித்துக்கொள்க.
5. சேமிப்பகத்தில் செக்பாயின்ட் கோப்புறையைப் பார்க்க. ஒவ்வொரு பணிக்கும் அதன் அடையாள எண்ணில் ஒரு கோப்புறையும், அதனுள் ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்கும் எண்ணிட்ட ஒரு கோப்புறையும் இருக்கும். முடிவுற்ற செக்பாயின்ட்டில் மீத்தரவுக் கோப்பு இருக்கும். அது இல்லாத கோப்புறை பாதியில் நின்றது, பயன்படாது.
6. பல பணி அடையாளங்களில் கோப்புறைகள் இருந்தால் எழுதிய நேரத்தை ஒப்பிட்டு, பழுதுக்கு முன் கடைசியாக ஓடியது எது என்று முடிவுசெய்க. எண் பெரியது என்பதால் மட்டும் புதியது ஆகிவிடாது.
7. மேற்கூறிய நான்கு நிலைகளுள் எது என்று வகைப்படுத்துக.

மீட்பு முறைகள்

முதல் நிலைக்கு: அனுமதிச் சான்றையோ வலைத்தொடர்பையோ சரிசெய்து, பிரதி எண்ணிக்கையைப் பழையபடி உயர்த்தினால் போதும். பதிப்பு மாற்றமே காரணம் என்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்பி, பணியைத் தொடங்கி, சேவ்பாயின்ட் எடுத்து, அதன்வழியே புதிய பதிப்புக்கு மாற வேண்டும். மீட்புக் குறிப்புகள் பதிப்பு விட்டுப் பதிப்பு செல்வதற்காக எழுதப்படுபவை அல்ல. அந்த வேலைக்கு உரியது சேவ்பாயின்ட்.

மூன்றாம் நிலைக்கு: கண்டுபிடித்த செக்பாயின்ட்டின் முழுப் பாதையைத் தொடக்க இடமாகக் கொடுத்துப் பணியைத் தொடங்கலாம். 1.15-ஆம் பதிப்பிலிருந்து, பழைய படியை உரிமை கொள்ளாமல் தொடங்கும் முறை உண்டு, அதுவே இயல்பும்கூட. மீட்பின்போது அதையே பயன்படுத்துவது நல்லது. புதிய ஓட்டம் தோல்வியுற்றாலும் பழைய படி அழியாது.

இரண்டாம் நிலைக்கு: சேமிப்பகத்தில் முந்தைய பொருள்பதிப்புகளைக் காக்கும் வசதி இருந்தால், அழிந்த கோப்பை அதிலிருந்து மீட்கலாம். இல்லையெனில் முந்தைய செக்பாயின்ட்டையோ சேவ்பாயின்ட்டையோ தேட வேண்டும். ஃபிளிங்கின் இயல்பு அமைப்பு கடைசி 1 செக்பாயின்ட்டை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், அமைப்பை முன்பே மாற்றாதவர்களுக்குச் சேவ்பாயின்ட்டே கதி.

இந்நிலையில் சிக்கவைக்கும் பொறி ஒன்று உண்டு. சேவ்பாயின்ட் பாதையைக் கொடுத்துத் தொடங்கினாலும், பழைய மீட்புக் குறிப்பு அதே அடையாளத்தில் இருந்தால் ஃபிளிங்க் குறிப்பையே முதலில் நாடும். கொடுத்த பாதை பொருட்படுத்தப்படாது. பாதையைச் சரியாகக் கொடுத்தும் அதே பிழை ஏன் வருகிறது என்று திகைப்பவர்களுக்கு விடை இதுவே. கொத்துக்குப் புதிய அடையாளப் பெயர் தந்து தொடங்கலாம், அல்லது படியெடுத்து வைத்த பின் பழைய கான்ஃபிக்மேப்பை நீக்கலாம். நீக்குவது சரியாகும் இடம் இது. மாற்றுப் படி கையில் கிடைத்த பிறகே இவ்விடம் வருகிறது.

நான்காம் நிலைக்கு: காஃப்காவில் எஞ்சியுள்ள தரவைத் தொடக்கத்திலிருந்து படித்துக் கணக்கை மீண்டும் கட்ட வேண்டும். அது முடியும்வரை திரையில் தெரியும் எண்களை நம்ப வேண்டாம் என்று அவற்றைப் பயன்படுத்துவோருக்கு அறிவிக்க வேண்டும். கிரிவல எடுத்துக்காட்டில், பூச்சியம் காட்டும் திரையைவிட 'கணக்கு இல்லை' என்று காட்டும் திரையே காவலர்களுக்கு உதவும். அவர்கள் நேரில் சென்று பார்ப்பார்கள்.

எந்த நிலையாயினும் மீட்டபின் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: எந்தச் செக்பாயின்ட்டிலிருந்து மீண்டது என்பது பதிவில் உள்ளதா, காஃப்காவில் படிக்க வேண்டிய நிலுவை குறைந்துகொண்டு வருகிறதா, விளைவு எண் வேறொரு மூலத்தோடு ஒத்துப்போகிறதா. மீட்பின்போது ஒரு பகுதித் தரவு மீண்டும் கணக்கிடப்படுவதால், விளைவை வாங்கும் தரவுத்தளம் அதைத் தாங்கும்படி அமையாவிட்டால் ஒரே பதிவு இருமுறை சேரலாம்.

பொருந்தாத நிலைத்தரவை விட்டுவிட்டுத் தொடங்க அனுமதிக்கும் தெரிவும் ஃபிளிங்கில் உண்டு. நிரலின் ஒரு பகுதியை வேண்டுமென்றே நீக்கியவர்களுக்கு உரியது அது. ஏன் பொருந்தவில்லை என்று அறியாமல் அதைப் பயன்படுத்தினால், பணி ஓடும், ஆனால் நினைவின் ஒரு பகுதி காணாமற்போயிருக்கும்.

இந்தியாவில் ஒரு நிகழ்வு

காப்பு ஏற்பாடு இருந்தும் அது கைகொடுக்காமல் போவது ஃபிளிங்குக்கு மட்டும் உரியதன்று. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறு அதன் சேமிப்பக அமைப்பையும் இடர் மேலாண்மை அமைப்பையும் பாதித்தது. மாலை 3.45 மணிக்கு வணிகம் மீண்டும் தொடங்கி 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தும் தடை நேர்ந்தது என்பது இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது.

அடுத்த மாதம் இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமான செபி, முதன்மை அமைப்புகள் தடைப்பட்டால் 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும் என்றும், அவ்வாறு அறிவித்தபின் 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்துக்கு மாற வேண்டும் என்றும் விதித்தது. தடை நேர்ந்தபின் யோசித்து முடிவெடுக்காமல், எந்த நிமிடத்தில் எந்த முடிவு என்பதை முன்பே வகுத்துவைப்பதே இவ்விதியின் சாரம்.

தடுப்பு முறைகள்

- மீட்புக் குறிப்புகளின் சேமிப்பிடத்தைப் பாட்டுக்கு வெளியே நிலையான சேமிப்பகத்தில் வைத்தல்.
- கொத்து ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளப் பெயரும் தனிக் கோப்புறையும் தருதல்.
- செக்பாயின்ட் கோப்புறையின்மீது வயது அடிப்படையிலான அழிப்பு விதிகளைப் போடாதிருத்தல்.
- தக்கவைக்கும் செக்பாயின்ட்டுகளின் எண்ணிக்கையை 3 போன்ற அளவுக்கு உயர்த்துதல்; பணி தோல்வியுற்றாலும் நீக்கப்பட்டாலும் அவை அழியாதவாறு அமைத்தல்.
- குறித்த காலத்துக்கு ஒருமுறை சேவ்பாயின்ட் எடுத்து வேறிடத்தில் வைத்தல். 1.11-ஆம் பதிப்பிலிருந்து சேவ்பாயின்ட்டை இடம்மாற்ற முடியும். கூட்டல்முறைச் செக்பாயின்ட்டின் கோப்புறையை மட்டும் நகலெடுப்பது காப்பு ஆகாது. அது சார்ந்திருக்கும் பகிர்வுக் கோப்புகள் பழைய இடத்திலேயே இருக்கும்.
- நிலைத்தரவுடைய ஒவ்வொரு நிரல் பகுதிக்கும் மாறாத அடையாளம் இடுதல்.
- காஃப்காவின் தரவுக் காப்புக் காலத்தை, பழுதைக் கண்டு சரிசெய்யத் தேவைப்படும் நாள்களைவிட நீளமாக வைத்தல்.
- கடைசிச் செக்பாயின்ட் முடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கண்காணித்து, வரம்பு மீறினால் எச்சரித்தல். ஓடிக்கொண்டிருக்கும் பணியில் செக்பாயின்ட் பல மணி நேரமாக முடியாமலிருப்பது வெளியே தெரியாத பழுது.

இவை அனைத்திற்கும் மேலாக, சோதனைச் சூழலில் ஜாப்மேனேஜரை வேண்டுமென்றே நிறுத்தியும், கான்ஃபிக்மேப்பை நீக்கியும், சேமிப்பக அனுமதியைத் துண்டித்தும் மீட்டுப் பார்க்க வேண்டும். பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை நடத்துவது தீ வரும் என்பதற்காக அன்று, வந்தால் எந்தக் கதவு என்று தேடாமலிருப்பதற்காக. ஒருமுறை ஒத்திகை பார்த்தவர், நள்ளிரவில் பிழைச்செய்தி துடைக்கச் சொல்லும்போது, முதலில் படியெடுத்து வைப்பார், பிறகு சேமிப்பகத்தைப் பார்ப்பார், அதன் பின்னரே எதையும் நீக்குவார்.